பெரம்பலூர் ஈரலும் அரியலூர் ஈரலும்

“பாத்ததா, நெனச்சதா?”

யார் எதைச் சொன்னாலும் அவளுடைய முதல் கேள்வி இதுதான். மடக்குவதற்காகக் கேட்க மாட்டாள். டீக்கடையில் சர்க்கரை தூக்கலாவா என்று கேட்பார்களே, அந்தக் குரலில் கேட்பாள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். கேள்வியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த நிற்பதுதான் பலருக்கும் பொறுக்காது.

எனக்கு அது முதல் நாளே விழுந்தது. பெரம்பலூரில் பாய் கறிக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த காலை. விடிந்தும் விடியாத நேரத்தில், கையில் ஐஸ் பெட்டியோடு முக்காடு போட்ட ஒரு பெண் வந்து, திருச்சி பஸ் போய்விட்டதா என்று கேட்டாள். போயிருச்சு என்றேன்.

“போனதப் பாத்தீங்களாண்ணே, இல்ல போயிருக்கும்னு நெனச்சீங்களா?”

குடல் கழுவிக்கொண்டிருந்தவன் நான், ரோட்டையே பார்க்கவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் பஸ் வந்து நின்றது. அவள் சிரிக்கவில்லை. வரேண்ணே என்று ஏறிப் போய்விட்டாள்.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். எந்த ஊரிலும் கால் தரிக்காது. திருப்பூர், ஓசூர், அப்புறம் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி, கடைசியாகச் சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குவது. இருமல் பிடித்ததும் அங்கிருந்து பஸ் ஏறினேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்து, எதிரில் இருந்த கறிக்கடையில் வேலை கேட்டேன். குடல் கழுவுவியா என்று பாய் கேட்டார். கழுவுவேன் என்றேன். சேர்த்துக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

அவள் பாயின் அக்கா மகள். ஊர் லெப்பைக்குடிகாடு. அத்தா சவூதியில் கடை வேலை. திருச்சியில் ஒரு காலேஜில் பிஎச்.டி. படித்துக்கொண்டிருந்தாள். படிப்புக்கு ஈரல் வேண்டும், அதுவும் ஆட்டைவிட்டு வெளியே வந்த கையோடு வேண்டும் என்பதால் மாமா வீட்டில் தங்கியிருந்தாள். நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ரியாத்தில் வேலை. அவருடைய அடுத்த லீவில் நிக்காஹ், அதற்குள் இவள் படிப்பை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது இரண்டு வீட்டுக்கும் பேச்சு. மாப்பிள்ளையின் உம்மா அதை மட்டும் கறாராகச் சொல்லியிருந்தார். வூட்டுக்கு வந்தப்புறம் ஈரல் பொட்டியத் தூக்கிக்கிட்டுத் திரியக் கூடாது என்று.

என்ன படிப்பு என்று ஒருநாள் நான்தான் கேட்டேன். ஈரலை ஒரு குடோன் என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். உள்ளே பித்தம் ஊறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அறையின் சுவரிலும் ஒரு புரதம் நின்று, அந்தப் பித்தத்தை எடுத்து வெளியே குழாய்க்குள் தள்ளும். அது வேலையை நிறுத்திவிட்டால் பித்தம் உள்ளேயே தேங்கும், ஆள் மஞ்சளாகிவிடுவான்.

“லோடுமேன்” என்றேன்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. அதற்கப்புறம் எங்கள் பேச்சில் அந்தப் புரதம் லோடுமேன்தான். டி.பி.க்குக் கொடுக்கிற ஒரு மாத்திரை அந்த லோடுமேனின் கையைக் கட்டிப்போடுகிறதா என்பதுதான் அவள் தேடிக்கொண்டிருந்தது. அரியலூரில் என்னோடு மூட்டை தூக்கிய ஒருவனைப் பற்றி அப்போது சொன்னேன். டி.பி. வந்து மாத்திரை சாப்பிட்டான், கண் மஞ்சளானது, பயந்துபோய் மாத்திரையை விட்டான், இருமிக்கொண்டே ஊருக்குப் போனான், அப்புறம் தகவல் இல்லை. மாத்திரையால்தான் மஞ்சளானதா என்று கேட்டாள். அவள் அடுத்ததைக் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், கண் மஞ்சளானது பார்த்தது, மாத்திரையால் என்பது நினைத்தது.

“அதேதாண்ணே என் படிப்பும்” என்றாள்.

நானும் சும்மா விடவில்லை. அந்த லோடுமேனை நீங்க பாத்திருக்கீங்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். பின்ன அவன் இருக்கிறான்னு எப்படிச் சொல்றீங்க என்றேன். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“உள்ள பித்தம் கொறையுது, வெளிய கூடுது. அதப் பாக்குறேன். நடுவுல ஒருத்தர் நிக்கிறார்னு நெனக்கிறேன். அந்த நெனப்பப் பாத்ததா மாத்தத்தாண்ணே இவ்வளவு பாடும்.”

கறிக்கடையில் ஈரல் சாதாரண விஷயம் இல்லை. எங்கள் பக்கம் ஒரு கிலோ கறி வாங்கினால் அதில் ஒரு துண்டு ஈரல் விழ வேண்டும். கேட்காமலே போட வேண்டும். வாடிக்கைக்காரர் பொட்டலத்தை வீட்டில் பிரித்ததும் முதலில் தேடுவது அந்தத் துண்டைத்தான். அவள் முழு ஈரலையும் பெட்டியில் எடுத்துப் போகிற நாளில் கடையில் முணுமுணுப்பு கிளம்பும். பாய் அதைச் சமாளிக்க சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, நறுக்கிப் போடுவார், கொழுப்பைக் கூட வைப்பார். ரிட்டயரான ஃபாரஸ்ட் ரேஞ்சர் ஒருவர் மட்டும் ஏமாற மாட்டார். என் ஈரல் எங்கே பாய் என்று பொட்டலத்தைத் திருப்பி நீட்டுவார். அது திருச்சியில பரிச்சை எழுதப் போயிருக்கு சார் என்பார் பாய். பாஸாச்சுன்னா எனக்கு என்ன பிரயோஜனம் என்பார் அவர்.

பாய்க்கு மருமகள்மேல் அப்படி ஒரு பிரியம். அதில் அவளுக்கு உபத்திரவமும் உண்டு. ஆரம்பத்தில் ஒருமுறை, அவள் வந்து சேருவதற்குள் ஈரலை எடுத்து, பித்தப்பையை வெட்டி எறிந்து, மஞ்சளும் உப்பும் போட்டுப் பளபளவென்று கழுவி, வாழை இலையில் வைத்திருந்தார். அவள் கொண்டுவருகிற மருந்துத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் அதன்மேல் படக் கூடாது. அன்றைக்கு அவள் கோபப்படாமல் அந்த ஈரலை ரேஞ்சருக்குப் போடச் சொன்னாள். ரேஞ்சர் அதை வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாய் வாய் நிறையச் சத்தியம் பண்ணுகிறவர். அவர் கடையில் தொங்குகிற எல்லாமே இளங்குட்டிதான். இவள் ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டே, வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதே, பல்லப் பாத்தீங்களா மாமா என்று கேட்பாள். ஆட்டின் வயது பல்லில் தெரிந்துவிடும். நீ காலேஜுக்குப் போ புள்ள என்பார் பாய். ஜனங்கள் சிரிப்பார்கள். வியாபாரம் கெட்டுப்போகவில்லை.

ஈரல் படிப்பு என்று தெரிந்ததும் சுற்றுப்பட்டு ஊரிலிருந்தெல்லாம் காமாலைக்காரர்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். செட்டிகுளத்திலிருந்து ஒருவர் தன் மகளைக் கூட்டிவந்து, கையை நீட்டச் சொல்லி, நாடி பிடிங்கம்மா என்றார். நான் டாக்டர் இல்லைங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்றாள். கீழாநெல்லி கொடுத்தால் கேட்குமா என்று அவர் விடாமல் கேட்டார். தெரியாதுங்க என்றாள். இவ்வளவு படித்துவிட்டுத் தெரியாது என்கிறாளே என்று அவர் பாயிடம் முறையிட்டுவிட்டுப் போனார். பாய்க்கு அது அவமானமாக இருந்தது. தெரியும்னு சொன்னா கொறஞ்சா போயிருவே என்று கேட்டார்.

அவள் கணக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காலேஜில் அந்த ஈரலில் மாத்திரையைக் கரைத்துப் போட்டாலும் லோடுமேன் அசரவில்லை, வேலை செய்துகொண்டே இருந்தான். அப்படியானால் மாத்திரைமேல் குற்றமில்லை என்று எழுதிவிடலாம். அவள் படிப்பை மேற்பார்க்கிற சாருக்கு மகிழ்ச்சி. எழுதத் தொடங்கு என்று சொல்லிவிட்டாராம். அப்போதுதான் இவள், ஒரே கடை ஈரலை வைத்து எப்படிச் சொல்வது, இன்னொரு ஊரிலும் எடுத்துப் பார்த்துவிடுகிறேன் என்றாள். யாரும் கேட்காத வேலை. அவளாகப் போட்டுக்கொண்டது.

அரியலூரில் எனக்குப் பழக்கமான கறிக்கடை ஒன்று இருந்தது. அதனால் பெட்டியைத் தூக்கும் வேலை எனக்கு வந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அரியலூரில் ஈரலை எடுத்து ஐஸில் வைத்து, கீழப்பழுவூர் வழியாகத் திருச்சி பஸ் பிடிப்பேன். பெட்டியை மடியிலேயே வைத்திருப்பேன். கண்டக்டர் என்ன இது என்று கேட்பார். ஈரல் என்பேன். இவ்வளவு பெரிய பெட்டியிலா என்று திறக்கச் சொல்வார். திறந்தால் ஐஸ் போய்விடும், டிக்கெட் வேண்டுமானால் இன்னொன்று எடுக்கிறேன் என்று சண்டை போட்டிருக்கிறேன். என் வாழ்நாளில் அந்தப் பெட்டி அளவுக்கு எதையும் நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

அரியலூர் ஈரலில் லோடுமேன் படுத்துவிட்டான். மாத்திரை போட்டதும் கையைத் தொங்கப்போட்டுவிட்டான். ஒரு தடவை இல்லை, எல்லாத் தடவையும். பெரம்பலூர் லோடுமேன் சுறுசுறுப்பு, அரியலூர் லோடுமேன் சோம்பேறி என்று பாய் என்னைக் கேலி பண்ணினார். அரியலூரில் லோடுமேனாக இருந்தவன் நான், எனக்கு உறைத்தது. அதைவிட உறைத்தது, அவளுடைய சார் சொன்னதாக அவள் சொன்னது. பெட்டி தூக்குகிற ஆள் எங்கேயோ இறங்கி டீ குடித்திருப்பான், ஐஸ் உருகியிருக்கும், அந்த ஈரலையெல்லாம் கணக்கில் சேர்க்காதே என்றாராம்.

“உருகிச்சாண்ணே?”

“உருகல.”

“பாத்ததா, நெனச்சதா?”

“பாத்தது. பாதி வழி தாண்டினதும் ஒவ்வொரு வாட்டியும் லேசாத் தொறந்து பாப்பேன்.”

அவள் என்னை நம்பினாளா இல்லையா என்று சொல்லவில்லை. அடுத்த தடவை அவளே அரியலூருக்கு வந்து, அவளே பெட்டியை மடியில் வைத்து எடுத்துப் போனாள். லோடுமேன் அப்போதும் படுத்தான். மறுநாள் கடைக்கு வந்ததும் முதல் வேலையாக, ஐஸ் இல்லண்ணே, உங்கமேல தப்பில்ல என்றாள். யாரும் என்னிடம் அப்படித் தேடி வந்து சொன்னதில்லை.

ஐஸ் இல்லை என்றால் ஆடு. ஒருநாள் காலேஜுக்குப் போகாமல், பாய் வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டுகிற கொட்டகையில் காலையிலேயே போய் நின்றுகொண்டாள். நான் ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்காக ஒதுக்குகிற இரண்டு ஆடுகளைப் பாய் எப்போதும் தனியாகப் பச்சைக் கயிற்றில் கட்டுவார். மற்ற ஆடுகளுக்கு நான் தீனி வைப்பேன், அந்த இரண்டுக்கும் அவரேதான் வைப்பார். மருமகள் ஆடு என்பதால் அந்தக் கவனிப்பு என்று விட்டுவிட்டேன். பாய் சட்டியோடு வந்தார். தவிடும் கடலைப் புண்ணாக்கும் குழைத்ததில் பச்சையாக ஏதோ நிறையக் கிடந்தது. இவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிடிபட்டவர் முகம் இல்லை அது.

“என்ன மாமா இது?”

“கீழாநெல்லி. ஈரலுக்கு இதவிட என்ன வேணும்? மழைக்காலத்துல வரப்புல நானே புடுங்கிட்டு வந்துருவேன். வெயில் காலத்துல நாட்டு மருந்துக் கடையில காஞ்சது வாங்கி இடிச்சிப் போடுறது.”

“எப்பலேர்ந்து?”

“மொதல்லேர்ந்தே. ஒனக்குப் போற ஈரல் சப்பையா இருந்தா ஒம் படிப்பும் சப்பையாயிராதா?”

அவள் கவிழ்த்துப் போட்டிருந்த கூடையின்மேல் உட்கார்ந்தாள். பாய், ஏன் புள்ள, ஒத்துக்கலயா என்றார். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மாத்திரையின் வேலை எது, கீழாநெல்லியின் வேலை எது என்று இனிப் பிரிக்க முடியாது, இவ்வளவு நாள் செய்தது மொத்தமும் போய்விட்டது என்று மெதுவாக, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். பாய் தவிட்டுக் கையோடு நின்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“யாருக்குத் தெரியும்? நான் சொல்ல மாட்டேன். இவனும் சொல்ல மாட்டான்.”

நான் தலையாட்டினேன்.

“நான் பாத்துட்டேனே மாமா” என்றாள்.

அன்றைக்குப் பாய் யாருடைய கறியிலும் ஈரல் போடவில்லை. மறந்துவிட்டார். யாரும் கேட்கவும் இல்லை, அவர் முகம் அப்படி இருந்தது.

காலேஜில் அவளுடைய சாரிடம் சொல்லியிருக்கிறாள். அரியலூரை மறந்துவிட்டுப் பெரம்பலூர் கணக்கை எழுது என்றாராம். மாட்டேன் என்றதும், அப்படியானால் கீழாநெல்லி லோடுமேனைக் காப்பாற்றுகிறது என்று எழுது, அது இன்னும் பெரிய சேதி என்றாராம். அதற்கும் இவள் மாட்டேன் என்றுவிட்டாள். மாமா எவ்வளவு போட்டார் என்று தெரியாது. புண்ணாக்கும் போட்டிருக்கிறார். அரியலூர் ஆடுகள் சந்தையிலிருந்து வந்து பட்டினியாக நின்றவை. வயிறு நிறைந்ததால் வந்த வித்தியாசமாகவும் இருக்கலாம். முதலிலிருந்து செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். முதலிலிருந்து என்றால் இன்னும் ஒன்றரை வருஷம். மாப்பிள்ளை லீவுக்கு நான்கு மாதம்கூட இல்லை.

அவள் முதலிலிருந்து செய்தாள். எல்லா ஆடும் ஒரே தீனி. தீனி வைக்கும்போது அவளே பக்கத்தில் நின்றாள். பாய் கொட்டகைப் பக்கமே போக மாட்டார். நான் அதை முழுக்கப் பார்க்கவில்லை, பாதியிலேயே கால் அரித்து ஓசூருக்குக் கிளம்பிவிட்டேன். இரண்டாயிரத்து ஏழில் அந்த வழியாகப் போனபோது கடையில் இறங்கினேன். பாய்க்குத் தாடி வெளுத்திருந்தது. பட்டம் வாங்கிட்டா என்றார். ஒருவர் வந்து இளங்குட்டியா பாய் என்று கேட்டார். “வித்தவன் அப்படித்தான் சொன்னான். நான் பல்லப் பாக்கல” என்று பாய் கத்தியைத் தீட்டினார். வந்தவர் திகைத்துப்போய் நின்றார். காமாலைக்குக் கீழாநெல்லி கேட்குமா என்று யாராவது வந்தால் அதற்கும் பதில் வைத்திருந்தார். “எம் மருமவளுக்கே இன்னும் தெரியலயாம். ஒனக்கும் எனக்கும் எப்படிய்யா தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போ.” முன்பு அவமானமாக இருந்ததைப் பெருமையாகச் சொன்னார்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கொட்டகை இல்லை, கொட்டகைக்கு அப்புறம் வந்த வாரம்.

சேதி ரியாத்துக்குப் போய், மாப்பிள்ளை பாய் வீட்டுக்குப் போன் பண்ணினார். லெப்பைக்குடிகாட்டிலிருந்து அவள் அம்மா வந்திருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே ஆட்டுத் தோலுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தேன். லீவை ஒருமுறை தள்ளிப்போடலாம், அதற்குமேல் முடியாது, தள்ளிப்போட்டால் அதற்குள் கட்டாயம் முடித்துவிடுவாயா என்று அவர் கேட்டிருக்கிறார். அவள் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது. முடிஞ்சிரும்னு சொல்லு என்று அம்மா உதட்டை மட்டும் அசைத்தார். பாயின் மனைவி, அவளுடைய மாமி, கையைப் பிடித்து அழுத்தினார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவர்களுக்கு.

“முடியும்னு நெனக்கிறேங்க. ஆனா முடிஞ்சிரும்னு இப்பவே சொல்ல முடியாது. பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்.”

அப்புறம் ஹலோ என்றாள். மறுபடி ஹலோ. போன் செத்துவிட்டது.

வச்சிட்டாரு என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றும் மறுநாளும் போன் வரவில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்புவதற்குள் நாமே மரியாதையாக நிச்சயத்துக்குப் போட்ட சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. மூன்றாம் நாள் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு, அதை வாங்கிப் போய்க் கொடுக்க ஜமாஅத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் வருவதாக ஏற்பாடு. எல்லாம் என்னாலதான், என்னாலதான் என்று பாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“போன் நின்னுபோச்சு. சரி. அவர் வச்சத யாரு பாத்தா?” என்று அவள் கேட்டாள்.

“இதுலயுமா புள்ள?” என்றார் பாய்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கடைக்கு வந்து, ஒரு போன் பண்ணணும், கூட வரீங்களாண்ணே என்றாள். நிக்காஹ் ஆகாத பெண் மாப்பிள்ளைக்குத் தானே போன் பண்ணுவது அவர்கள் வீட்டில் நடந்ததில்லை. பாய் காதில் விழுந்தது. அவர் எலும்பு வெட்டுவதை நிறுத்தவில்லை, தலை நிமிரவும் இல்லை. போயிட்டு வா என்று கட்டையைப் பார்த்துச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு போன் பூத். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நம்பர் அழுத்தினாள். நான் வெளியே நின்றேன். உள்ளே பேசுவது கேட்கவில்லை. முதலில் அவள் பேசினாள். அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் என்ன சொன்னாரு என்றேன்.

“போன் கார்டு தீந்துபோச்சாம். அவரும் அந்தப் பக்கம் ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டிருந்தாராம். மறுநாளே வேற ஊருக்கு வேலைக்கு அனுப்பிட்டாங்களாம், கூப்பிட வழியில்லயாம். லீவத் தள்ளிப்போடுறேன்னு சொன்னாரு. முடியலன்னா அதுக்கப்புறம் பாத்துக்கலாம்னாரு.”

பெரியவர்கள் வருவதற்குள் வீட்டில் சொல்ல வேண்டும் என்று வேகமாக நடந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளிடம் கற்றதுதான், பின்னாலேயே போய்க் கேட்டுவிட்டேன். “நெசமாவே கார்டு தீந்துச்சா, இல்ல கோவத்துல வச்சிட்டு இப்ப மனசு மாறிட்டாரா?”

அவள் நின்று திரும்பினாள்.

“அவர் சொன்னாரு. நான் பாக்கலண்ணே.”

சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் அந்தச் சிரிப்பு போகவில்லை. இது நான் பார்த்தது.